வயிற்றுக்குள் ஒரு இட்லி

ஜனவரி 8, 2025, ஸ்ரீரங்கம்

நேற்று சாயங்காலம் வீடு வந்து சேர்ந்தேன். சென்னையிலிருந்து காரில், பின் சீட்டில் படுத்தபடியே. வழியில் வந்த ஒவ்வொரு வேகத்தடையும் முதுகுத் தையலுக்குத் தெரியும்.

ஆபரேஷன் 2ஆம் தேதி நடந்தது. வயிற்றின் வலது பக்கம் தோலுக்கு அடியில் பேக்லோஃபென் பம்ப் வைத்திருக்கிறார்கள். பேக்லோஃபென் என்பது தசை விறைப்பைத் தளர்த்தும் மருந்து. அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் இடுப்பைச் சுற்றிப் பின்னால் போய், தண்டுவடத்தைச் சூழ்ந்த நீருக்குள் மருந்தைச் சொட்டுகிறது. பம்ப் எட்டரை சென்டிமீட்டர் அகலம், இரண்டு சென்டிமீட்டர் கனம். அம்மா மேலாகத் தடவிப் பார்த்துவிட்டு, "இட்லி மாதிரி இருக்குடி" என்றாள்.

2016ல் பைக்கின் பின் சீட்டிலிருந்து விழுந்தேன். அன்றிலிருந்து கால்கள் என் பேச்சைக் கேட்பதில்லை. கேட்காவிட்டால் சும்மாவாவது கிடக்கலாம். விறைக்கும், துள்ளும், ராத்திரியில் இழுத்து எழுப்பும். இதே மருந்து மாத்திரையாக ஒரு நாளைக்கு 60 மில்லிகிராம் வரை போயிற்று. பாதி நாள் தூக்கம், மீதி நாள் தலைசுற்றல். இப்போது பம்ப் தருவது நாளைக்கு 120 மைக்ரோகிராம். ஏழாவது படிக்கும் மகன் கணக்குப் போட்டு, "ஐந்நூறில் ஒரு பங்கும்மா" என்றான். நேராக இடத்துக்கே போய்ச் சேர்வதால் அவ்வளவு போதுமாம். அதற்காக மாத்திரையை ஒரே நாளில் நிறுத்திவிட முடியாது, படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

ஜனவரி 9

தலைவலி. படுத்திருந்தால் இல்லை. சாய்ந்து உட்கார்ந்தால் ஐந்தே நிமிடத்தில் பின்மண்டையைப் பிடித்துக்கொள்கிறது. குழாய் போட்ட இடத்தில் தண்டுவட நீர் கொஞ்சம் கசிந்தால் இப்படி வருமாம். தையல் ஈரமானாலோ, முதுகில் வீக்கம் தெரிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ உடனே கூப்பிடச் சொல்லியிருக்கிறார்கள். இதுவரை மூன்றும் இல்லை. தண்ணீர், இளநீர், இரண்டு வேளைக்குப் பதில் நான்கு வேளை காபி. காபி விஷயத்தில் புகார் ஒன்றும் இல்லை.

ஜனவரி 10

வைகுண்ட ஏகாதசி. விடியற்காலையிலிருந்து தெருவில் ஜனம் போகும் சத்தம். சொர்க்கவாசலுக்கு நடந்தே போகும் தூரத்தில் வீடு, நானோ மல்லாந்து படுத்து மின்விசிறியைச் சேவித்துக்கொண்டிருந்தேன்.

படுத்தபடி படித்தது: இந்த மருந்தை முதலில் வலிப்பு நோய்க்காகத்தான் உருவாக்கினார்களாம். அதற்கு அது அவ்வளவாக உதவவில்லை. தண்டுவட நீருக்குள்ளேயே செலுத்தினால் விறைப்பு தளர்கிறது என்று அமெரிக்காவில் பென், க்ரோயின் என்ற இருவர் எழுதியது 1984ல்.

ஜனவரி 12

ராத்திரி இரண்டு மணிக்கு பீப் சத்தம். கொஞ்சம் விட்டு இன்னொரு பீப். பம்பில் மருந்து தீர்ந்தாலோ கோளாறு வந்தாலோ சத்தம் கொடுக்கும் என்று சொல்லியிருந்தார்கள். மருந்து சட்டென்று நின்றால் விறைப்பு பல மடங்காகத் திரும்பும், உடம்பு அரிக்கும், காய்ச்சல் வரும், உயிருக்கே ஆபத்தாகலாம். எனக்கு அப்போதே உடம்பெல்லாம் அரித்தது. அவரை எழுப்பினேன். அவர் என் வயிற்றில் காதை வைத்துக் கேட்டார். அடுத்த பீப் கூடத்திலிருந்து வந்தது. கரண்ட் போய், இன்வெர்ட்டர் பேட்டரி இறங்கியிருக்கிறது. அரிப்பும் போய்விட்டது.

ஜனவரி 14

பொங்கல். தலைவலி இல்லாமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். நான்கு ராத்திரிகளாக ஒரு இழுப்புகூட இல்லை. ஒன்பது வருஷத்தில் இப்படித் தூங்கியதில்லை.

ஆனால் இன்று ஒன்று நடந்தது, அதை எழுதியாக வேண்டும். கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாறும்போது நான் எப்போதும் வாக்கரைப் பிடித்து இரண்டு மூன்று நொடி நிற்பேன். இன்றும் அப்படி எழுந்தேன். முழங்கால் இரண்டும் நனைந்த துணியாக மடங்கின. அவர் பிடித்ததால் கட்டிலிலேயே விழுந்தேன். இடுப்புப் பட்டை இருந்ததால் தையலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

இத்தனை வருஷம் நின்றது என் பலத்தில் என்று நினைத்திருந்தேன். நின்றது விறைப்பு. திட்டித் தீர்த்தேனே, அதுதான் என்னைத் தாங்கிப் பிடித்திருக்கிறது. பொங்கல் எனக்கு இனிக்கவில்லை. அம்மாவிடம் சர்க்கரை குறைச்சல் என்று சொல்லிவிட்டேன், பாவம்.

ஜனவரி 16

தையல் பிரித்தாயிற்று, திருச்சியிலேயே. பிரித்த டாக்டர் இந்தப் பம்பை இதுவரை நேரில் பார்த்ததில்லையாம். பம்பின் விவர அட்டையை என்னிடம் வாங்கிப் பொறுமையாகப் படித்தார். பார்த்ததில்லை என்று சொல்லும் டாக்டரைப் பிடித்துப்போயிற்று.

தழும்பு நல்ல இடத்தில் விழுந்திருக்கிறது. ஆபரேஷனுக்கு முந்தின நாள் ஒரு நர்ஸ் என்னைப் பாவாடை கட்டி நாற்காலியில் உட்காரச் சொல்லி, நாடா எங்கே படுகிறது, உட்கார்ந்தால் வயிறு எங்கே மடிகிறது என்று பேனாவால் கோடு போட்டார். அந்தக் கோட்டுக்கு விலகித்தான் பம்ப் வைத்தார்கள். யார் யோசித்ததோ, அவர் நன்றாக இருக்கட்டும்.

ஜனவரி 22, சென்னை

கால் மடங்கியதைச் சொன்னேன். டாக்டர் ஆச்சரியப்படவில்லை. "உங்களுக்குக் கொஞ்சம் விறைப்பு வேணும். எவ்வளவுன்னு நாம தேடணும்" என்றார். ஒரு கருவியை வயிற்றின் மேல் வைத்து, 120ஐ 100 ஆக்கினார். ஊசி இல்லை, கத்தி இல்லை, ஐந்து நிமிட வேலை. மருந்தை மறுபடி நிரப்பும் தேதியும் மார்ச் 18லிருந்து 29க்குத் தள்ளிப்போயிற்று. அதற்கு மட்டும் ஊசி உண்டு, தோல் வழியாக.

பிப்ரவரி 13

ஆறு வாரம். பட்டையைக் கழற்றியாயிற்று. இனிக் குனியலாம், திரும்பலாம், மெதுவாக. விடியற்காலையில் இடது கால் ஒன்றிரண்டு தரம் துள்ளுகிறது. துள்ளட்டும். பிசியோதெரபிஸ்ட் முன்னால் வாக்கரைப் பிடித்து நின்றேன், நாலு நொடி. முழங்கால் நடுங்கியது, மடங்கவில்லை.

மருந்து நிரப்பும் தேதியைக் காலண்டரில் குறிக்கப் போனால் அம்மா தடுக்கிறாள். மார்ச் 29 அமாவாசையாம், திருக்கணிதப்படி அன்றைக்கே சனிப்பெயர்ச்சியுமாம். "அன்னிக்குப் போய் வயித்துல ஊசி குத்திக்குவியா?" பம்புக்குப் பஞ்சாங்கம் தெரியாது என்றேன். கேட்பதாக இல்லை. தள்ளிப்போடத்தான் கூடாது, முன்னாலேயே நிரப்பிக்கொண்டால் தப்பில்லை. 26ஆம் தேதிக்கு நேரம் கேட்டிருக்கிறேன்.