எதிர்க்காற்றில் சரியும் கற்கள்

2014ஆம் ஆண்டு சிலியின் அல்மா தொலைநோக்கி எடுத்த எச்.எல். டாரி விண்மீனின் படத்தை அவ்வப்போது எடுத்துப் பார்ப்பேன். சுமார் 450 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள அந்த இளம் விண்மீனைச் சூழ்ந்த தூசித்தட்டில், இசைத்தட்டின் வரிகளைப் போல இருண்ட இடைவெளிகள் தெரிகின்றன.

இத்தகைய தட்டுகளில்தான் கோள்கள் பிறக்கின்றன. அப்பிறப்பில் என்னை அதிகம் வியக்கவைப்பது, ஈர்ப்புவிசையைவிட, எதிர்க்காற்றுதான். தட்டிலுள்ள வாயு தன் அழுத்தத்தால் ஓரளவு தாங்கப்பட்டுச் சற்றே மெதுவாகச் சுற்ற, அந்தத் தாங்கல் இல்லாத கற்கள் அதைவிட வேகமாகச் சென்று, எதிர்க்காற்றாக மோதும் வாயுவின் உராய்வால் கோண உந்தத்தை, அதாவது சுற்றோட்டத்தின் உந்தத்தை, இழந்து, உள்நோக்கிச் சரிகின்றன. சூரியனிலிருந்து பூமி இருக்கும் அளவு தொலைவில் ஒரு மீட்டர் அளவுள்ள கல் ஏறத்தாழ 100 ஆண்டுகளிலேயே விண்மீனை நோக்கி விழுந்துவிடும் என்கிறது கணக்கு. வானியலில் அது கண்சிமிட்டும் நேரம். வாயுவின் அழுத்தம் சுற்றிலும் உள்ளதைவிட மேடிட்ட வளையங்களில் மட்டும் இச்சரிவு தடைப்பட்டு, கூழாங்கற்கள் குவிந்து, தம் ஈர்ப்பாலேயே பெரும்பாறைகளாகத் திரள முடியும். அப்படத்தின் ஒளிவளையங்கள் அத்தகைய இடங்களாக இருக்கலாம் என்றே நானும் கருதுகிறேன்.