அப்பா பெயரில் இருக்கும் வீட்டுக்குச் சொத்து வரி யார் கட்டுவது?

சென்னை கொருக்குப்பேட்டையில் என் தந்தையார் கட்டிய மாடி வீட்டுக்கான சொத்து வரி, அவர் மறைந்த பின்னரும் அவர் பெயரிலேயே வந்துகொண்டிருந்தது. மாடியில் அம்மாவும் தம்பி குடும்பமும் இருக்கிறார்கள். கீழ்த்தளத்தை லீசுக்கு விட்டிருக்கிறோம். நானும் தங்கையும் வேறு ஊர்களில் வசிக்கிறோம். குடியிருப்பவரே கட்ட வேண்டும் என்பது தங்கையின் வாதம். நால்வருக்கும் பங்குள்ள வீட்டுக்குத் தான் மட்டும் ஏன் கட்ட வேண்டும் என்று தம்பி கேட்டான்.

மாநகராட்சியின் வார்டு அலுவலகத்தில் விசாரித்தபோது விஷயம் தெளிவாயிற்று. சொத்து வரிக்கு முதல் பொறுப்பு உரிமையாளருடையது. உரிமையாளர் இறந்துவிட்டால் அது வாரிசுகள் அனைவரையும் சேரும். வீட்டில் யார் குடியிருக்கிறார் என்பதால் இந்தப் பொறுப்பு மாறாது. நிலுவை அந்தக் கட்டடத்தின் மீதே நிற்பதால், நாளை விற்க நினைத்தாலும் அதைத் தீர்க்காமல் நகர முடியாது. லீஸ் ஒப்பந்தத்தில் குடியிருப்பவர் கட்டுவார் என்று எழுதியிருந்தாலும், அது நமக்கும் அவருக்கும் இடையிலான கணக்குதான்.

பணம் கட்டுவதும் பெயர் மாற்றுவதும் தனித்தனி வேலைகள் என்பதையும் அங்கேதான் புரிந்துகொண்டோம். மண்டலம், வார்டு, பில் எண், துணை எண் ஆகியவை கையில் இருந்தால் யார் வேண்டுமானாலும் இணையத்தில் கட்டிவிடலாம். அரையாண்டின் முதல் மாதத்துக்குள், அதாவது ஏப்ரலிலோ அக்டோபரிலோ, கட்டினால் 5 விழுக்காடு, அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை, தள்ளுபடியும் உண்டு. ஆனால் ரசீது வைத்திருப்பவர் அதனாலேயே உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. தம்பி கட்டிக்கொண்டே வந்தால் வீடு அவனுக்குப் போய்விடும் என்று தங்கைக்கு ஓதிய உறவினர்கள் இதைக் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பெயர் மாற்றத்துக்கு இறப்புச் சான்றிதழ், வட்டாட்சியர் வழங்கும் வாரிசுச் சான்றிதழ், கிரயப் பத்திர நகல், கடைசியாக வரி கட்டிய ரசீது ஆகியவற்றைக் கொடுத்தோம். இவற்றில் வாரிசுச் சான்றிதழ்தான் பொறுமையைச் சோதித்தது. வசதிக்காகத் தம்பி பெயரில் மட்டும் மாற்றலாம் என்ற யோசனையும் எழுந்தது. அதற்கு மற்ற மூவரும் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்ய வேண்டும் என்பதால், நால்வர் பெயரிலுமே விண்ணப்பித்தோம். பட்டா, மின் இணைப்பு ஆகியவற்றின் பெயர் மாற்றம் வேறு வேறு அலுவலகங்களின் வேலை.

லீஸ் தொகை அம்மா பெயரில் வங்கி வைப்பில் இருப்பதால், அதன் வட்டியிலிருந்தே வரியைக் கட்டுவது என்று முடிவாயிற்று. இதற்கிடையே கீழ்வீட்டுக்காரர் முன்னறையில் தையல் கடை வைக்க அனுமதி கேட்டார். கட்டடத்தின் பரப்பு, தெருவுக்குரிய அடிப்படை மதிப்பு, பயன்பாடு ஆகியவற்றை வைத்தே வரி கணக்கிடப்படுகிறது. குடியிருப்பு அல்லாத பயன்பாட்டுக்கு விகிதம் கூடுதல். கடை அவருடையதானாலும் பில் எங்கள் பெயருக்கே வரும் என்பதால், உயரும் தொகையை அவரே அரையாண்டுதோறும் எங்களிடம் தர வேண்டும் என்று புதிய ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிய பிறகே சம்மதித்தோம்.