கூடை வாங்கிய ஐரோ

மே 10, சனி

அக்கா மகள் லீவுக்கு வந்திருக்கிறாள். தினமும் ராத்திரி இருவரும் ‘அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்’ அனிமேஷன் தொடர் பார்க்கிறோம். அவளுக்கு முதல் தடவை, எனக்கு மூன்றாவது. இன்று இரண்டாம் சீசனின் 15ஆவது எபிசோட், ‘தி டேல்ஸ் ஆஃப் பா சிங் சே’. 2006 செப்டம்பரில் வந்தது. போர் இல்லை, துரத்தல் இல்லை. மதில் சூழ்ந்த பா சிங் சே நகரத்துக்குள் ஆறு குட்டிக் கதைகள், அவ்வளவுதான்.

நாயகன் ஆங்கின் மிருகக்காட்சிசாலைக் கதை சுமார். டோஃபின் கதை நல்ல எழுத்து. கண் தெரியாத பெண் முதன்முறையாக அலங்காரம் செய்துகொண்டு வருகிறாள். பாலத்தில் சில பெண்கள் கேலி பேசுகிறார்கள். அவர்களை ஆற்றில் விழவைத்துவிட்டு நிமிர்ந்துதான் நடக்கிறாள். கண்ணீர் அதற்கப்புறம் வருகிறது.

முன்னாள் தளபதியான கிழவர் ஐரோவின் கதை முடிந்தபோது இருவரும் பேசவில்லை.

மே 11, ஞாயிறு

ஐரோ பகுதியை மட்டும் மறுபடி போட்டேன். சில நிமிடங்கள்தான்.

கடைத்தெருவில் ஒரு கூடை வாங்குகிறார். வெயிலில் வாடிக்கிடந்த பூச்செடியை நிழலுக்கு நகர்த்தி வைக்கிறார். அழுகிற சிறுவனுக்கு வாத்தியம் மீட்டிப் பாடுகிறார். வீடு திரும்பும் சிப்பாயைப் பற்றிய பாட்டு. சிறுவன் அழுகையை விட்டு அவர் தாடியைப் பிடித்து இழுக்கிறான். பந்தால் ஜன்னலை உடைத்த பையன்கள் அடுத்து வருகிறார்கள். அப்புறம் கத்தியோடு வழிமறிக்கும் வாலிபன். அவனுக்கு நிற்கும் முறையைத் திருத்தி, டீ போட்டுக் கொடுத்து, உட்காரவைத்துப் பேசுகிறார்.

குழந்தை, பையன்கள், வாலிபன். வயது ஏறிக்கொண்டே போவதை இன்றுதான் கவனித்தேன். சாயங்காலம் குன்றின் மேல் மரத்தடியில் கூடையைத் திறந்து, இறந்துபோன மகன் லூ டென்னின் படத்தை வைக்கிறார். அன்று அவனுக்குப் பிறந்தநாள். இதே நகரத்தை 600 நாள் முற்றுகையிட்ட தளபதி ஐரோ. அந்தப் போரில்தான் மகனைப் பறிகொடுத்தார். எந்த ஊரைப் பிடிக்க வந்தாரோ அந்த ஊர்ப் பிள்ளைகளைத்தான் நாள் முழுக்கத் தேற்றியிருக்கிறார்.

காலையில் சிறுவனுக்குப் பாடிய அதே பாட்டை இப்போது மகனுக்குப் பாடுகிறார். பாதியில் குரல் உடைகிறது. வரைந்த முகத்தை விட அந்தக் குரல்தான் என்னை அழவைத்தது.

மே 13, செவ்வாய்

அந்தக் குரல் நடிகர் மாக்கோவுடையது. ஜப்பானின் கோபேயில் பிறந்து அமெரிக்கா போனவர். ஆசிய வம்சாவளி நடிகர்களுக்கு நல்ல வேஷங்கள் கிடைக்காத காலத்தில், 1965இல் லாஸ் ஏஞ்சலஸில் ‘ஈஸ்ட் வெஸ்ட் பிளேயர்ஸ்’ நாடகக் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர். 2006 ஜூலையில், 72 வயதில், புற்றுநோயால் இறந்தார். இந்த எபிசோட் ஒளிபரப்பானபோது அவர் இல்லை. ஐரோ கதையின் முடிவில் அவர் நினைவுக்கென்று ஒரு வரி வருகிறது.

இதைச் சொன்னதும் அக்கா மகள் ரிமோட்டை எடுத்து முதல் காட்சிக்கே போனாள். பிக்னிக்குக்கா என்று கடைக்காரர் கேட்க, இல்லை, விசேஷ நாள் என்கிறார் ஐரோ. “மாமா, அப்பவே சொல்லிட்டாரு” என்றாள். கூடையைக் கையில் வாங்கும் இடத்தில் படத்தை நிறுத்தி, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.