வாய்க்கால்கரை பங்களா: சிமெண்டை உரித்துச் சுண்ணாம்பு பூசும் வேலை

மேலூர்ப் பக்கம், பெரியாறு பாசன வயல்களுக்கு நடுவே நிற்கும் வெள்ளைக்காரர் காலத்து ஓட்டு பங்களா. செங்கல் சுவர், சுண்ணாம்புச் சாந்து. பிற்காலத்தில் மேலே சிமெண்ட் பூசிவிட்டார்கள். இப்போது இடுப்பளவு உயரத்துக்கு உப்புப் பூத்து, பூச்சு உப்பி நிற்கிறது. வயல் ஈரம் அடித்தளம் வழியே ஏறும். சுண்ணாம்புப் பூச்சு என்றால் அது வெளியேறிவிடும். சிமெண்ட் விடாது, ஈரம் உள்ளேயே தங்க, உப்பு செங்கலின் முகத்தையே பொடியாக்குகிறது.

ஆகவே முதலில் உரித்தோம். சின்ன உளியைச் சாய்த்துப் பிடித்து, ஓரத்திலிருந்து மெதுவாகத் தட்ட வேண்டும். நேராக அடித்தால் பழைய செங்கலும் சேர்ந்து பெயரும். உளுத்த சாந்தை ஓர் அங்குல ஆழத்துக்குச் சுரண்டி, உப்பை உலர்ந்த தூரிகையால் தட்டிவிட்டோம். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போய்விடும்.

சுட்ட சுண்ணாம்புக் கல்லைத் தண்ணீரில் போட வேண்டும்; கல்லின்மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது, தெறிக்கும். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். நீறியதை மெல்லிய சல்லடையில் வடித்து, மேலே தண்ணீர் நிற்கும்படி மூடி, குறைந்தது ஒரு மாதம் ஊற விடுங்கள். நீறாத கட்டி தப்பி உள்ளே போனால், பூசியபின் நீறி, குட்டிக் குட்டிப் பள்ளமாகப் பெயர்த்துவிடும்.

அடிப்பூச்சுக்கு ஊறிய சுண்ணாம்பு 1 பங்கு, சலித்த ஆற்றுமணல் 2, செங்கல் தூளான சுர்க்கி 1. அதிகம் வெந்து கண்ணாடிபோல் கறுத்த செங்கலை இடிக்காதீர்கள், அது சுண்ணாம்போடு சேராது. சுர்க்கி சேர்ந்த சாந்து ஈரத்திலும் இறுகும். இந்த வயல்களுக்குத் தண்ணீர் தரும் முல்லைப் பெரியாறு அணையின் உட்பகுதியே, 1895-இல் முடிந்தது, சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த காரைதான். ஈரச் சுவருக்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. கலவைக்குக் கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீரை அளவாக விடலாம். கருப்பட்டி கூடினால் இறுகத் தாமதமாகும்.

சுவரை முந்தைய நாளே நனைத்து வைக்க வேண்டும். காய்ந்த செங்கல் சாந்தின் ஈரத்தை உறிஞ்சிவிடும், பூச்சு பிடிக்காது. ஒரு பூச்சு 10 மி.மீ.க்கு மேல் வேண்டாம். கனமாகப் பூசினால் வெடிப்பு நிச்சயம். மயிரிழை வெடிப்பு தெரிந்தால், ஈரம் இருக்கும்போதே மணியாசுக் கட்டையால் அழுத்தித் தேய்த்தால் மூடிவிடும். அடுத்த பத்து நாளும் நனைத்த சாக்கைத் தொங்கவிடுங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது.

உள்சுவர்கள் முடிந்தன. அடுத்து வெள்ளையடிப்பு: நீர்த்த சுண்ணாம்பு, மெல்லிசாக நான்கு கை. எமல்ஷன் பெயிண்ட் அடித்தால் சிமெண்ட் செய்ததையே அதுவும் செய்யும்.