புருடையும் பாலியூரித்தேனும்

கொழிஞ்சாம்பாறையில் எங்கள் தோட்டத்துக் கிணற்றில்தான் நான் நீந்தப் பழகினேன். கோபாலபுரத்தைத் தாண்டினால் பொள்ளாச்சி என்கிற இந்த எல்லைப் பகுதியில், கேரளத்து ரேஷன் அட்டையும் கொங்குத் தமிழும் ஒரே வீட்டில் இருப்பதைப் போல, நீச்சல் பழக்குவதும் கொங்கு வழக்கப்படிதான்: காய்ந்த சுரைக்குடுக்கையை, எங்கள் பேச்சில் புருடையை, முதுகில் கட்டித் தண்ணீரில் தள்ளிவிடுவார்கள். ஒரு வாரம் கழிந்ததும், கிணற்றை அக்கரைக்கும் இக்கரைக்குமாகப் பத்து முறை கடந்துவிட்டேன் என்று நான் பெருமை பேசியபோது, மேட்டில் உட்கார்ந்திருந்த பெரியப்பா, "நீ நீந்தறயா, புருடை நீந்துதாடா?" என்று கேட்டார். அன்று எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

பள்ளி மாவட்டப் போட்டிக்காகப் பயிற்சி எடுத்துக்கொண்டிருக்கும் தம்பி மகன், சென்ற வாரம் ஒரு பழைய காணொளியைக் காட்டி, இந்தச் சாதனையை ஏன் இன்னும் ஒருவராலும் முறியடிக்க முடியவில்லை என்று கேட்டபோது, பெரியப்பாவின் அந்தக் கேள்விதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

அது 2009 ஜூலை 28 அன்று, ரோம் நகரின் ஃபோரோ இத்தாலிகோ குளத்தில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பின் ஆடவர் 200 மீட்டர் ஃப்ரீஸ்டைல் இறுதிப் பந்தயம். பெய்ஜிங் ஒலிம்பிக்கில் எட்டுத் தங்கம் வென்று, இதே பந்தயத்தில் 1:42.96 என்று உலக சாதனையும் படைத்திருந்த மைக்கேல் ஃபெல்ப்ஸ் ஒரு பக்கம்; அதே பெய்ஜிங் இறுதியில் 1:46.00 நேரத்தில் ஐந்தாவதாக வந்திருந்த ஜெர்மனியின் பால் பீடர்மன் மறுபக்கம். முதல் 100 மீட்டரை 50.12 விநாடியில் கடந்த பீடர்மன், எல்லோருடைய கைகளும் தளர்ந்துபோகிற கடைசி 50 மீட்டரை 25.70 விநாடியில் நீந்தி, 1:42.00 நேரத்தில் சுவரைத் தொட்டார். ஃபெல்ப்ஸ் 1:43.22. இடைவெளி 1.22 விநாடிதான் என்றாலும், அந்த வேகத்தில் அது இரண்டு மீட்டருக்கும் மேல், அதாவது ஓர் ஆள் நீளத்தைத் தாண்டிய தூரம். ஒரே ஆண்டில் நான்கு விநாடி குறைந்திருந்தது. இந்தத் தூரத்தில் நீச்சல்காரர்கள் கால் விநாடியைக் குறைக்கவே ஆண்டுக்கணக்கில் பாடுபடுவார்கள்.

பீடர்மன் அணிந்திருந்தது, உடலை ஏறக்குறைய முழுவதும் மூடும், பாலியூரித்தேன் என்கிற ஒருவகை பிளாஸ்டிக்கால் ஆன அரீனா எக்ஸ்-கிளைடு உடை. ஃபெல்ப்ஸ் அணிந்திருந்ததோ, முந்தைய ஆண்டில் புதுமையாக இருந்து அதற்குள் பழையதாகிவிட்ட ஸ்பீடோ எல்.இசட்.ஆர். ரேசர். தண்ணீரில் வேகம் இரட்டித்தால் எதிர்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகும் என்பதால், உடல் எவ்வளவு மேலே, எவ்வளவு நேராகக் கிடக்கிறது என்பதில்தான் பந்தயம் பெரும்பாலும் தீர்மானமாகிறது. களைத்தவனின் இடுப்பு முதலில் தாழும். தாழ்ந்த இடுப்பு ஏர்க்கொழுவைப் போல நீரை இழுத்துக்கொண்டு வரும். நீர் புகாத பாலியூரித்தேன் தசைகளை இறுக்கி, உடலை வழவழப்பாக்கி, மிதப்பையும் கூட்டியதால், கடைசி 50 மீட்டரில்கூட இடுப்பு தாழாமல் நின்றது. எங்கள் புருடை செய்த வேலையும் இதுதானே!

ரோமில் அந்த ஒரு வாரத்தில் 43 உலக சாதனைகள் விழுந்தன. இதில் வேடிக்கை என்னவென்றால், நீச்சல் பந்தயங்கள் தொடங்குவதற்கு முன்பே, அதே ரோமில் கூடிய சர்வதேச நீச்சல் கூட்டமைப்பு இந்த உடைகளைத் தடை செய்ய வாக்களித்துவிட்டது. ஆனால் தடை நடைமுறைக்கு வந்ததோ 2010 ஜனவரி 1 அன்றுதான். அதன் பிறகு ஆண்களுக்கு இடுப்பிலிருந்து முழங்கால் வரையிலான துணி உடை மட்டுமே அனுமதி. சாதனைகள் மட்டும் பட்டியலில் அப்படியே இருக்கவிடப்பட்டன. உடை தவறென்றால் நேரமும் தவறுதான் என்பது என் கருத்து. குறைந்தபட்சம் அவற்றைத் தனிப் பட்டியலில் வைத்திருக்கலாம்.

ஆனால் பீடர்மனை வெறும் உடையாகக் கருதினால் அது அநியாயம். 2011 ஷாங்காய் உலக சாம்பியன்ஷிப்பில், துணி உடையில், அமெரிக்காவின் ரையன் லாக்டி 1:44.44, ஃபெல்ப்ஸ் 1:44.79 என முடிக்க, பீடர்மன் 1:44.88 நேரத்தில் மூன்றாவதாக வந்தார். ஃபெல்ப்ஸுக்கும் அவருக்கும் இடையே 0.09 விநாடி. பெய்ஜிங்கில் நீந்தியதைவிட ஒரு விநாடிக்கும் மேல் வேகமாக, புருடை இல்லாமல் நீந்தியிருக்கிறார். நான்கு விநாடியில் அவருடைய உழைப்பு எவ்வளவு, உடையின் பங்கு எவ்வளவு என்று பிரிப்பதற்கு இதைவிட நல்ல தராசு எனக்குத் தெரியவில்லை.

2022 ஆகஸ்டில், அதே ஃபோரோ இத்தாலிகோவில் நடந்த ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பில், 17 வயது ருமேனிய இளைஞர் டேவிட் போப்போவிச் 1:42.97 நேரத்தில் நீந்தினார். ஃபெல்ப்ஸின் பெய்ஜிங் நேரத்துக்கு நூற்றில் ஒரு விநாடி அதிகம், பீடர்மனைவிட 0.97 விநாடி அதிகம். அந்தக் குளத்தில் நமக்கும் ஒரு பாத்தியதை உண்டு. இடுக்கியில் பிறந்து நெய்வேலியில் வளர்ந்த, ஆகையால் எல்லைக்கு இரு பக்கத்தாரும் உரிமை கொண்டாடும் சஜன் பிரகாஷ், 2021 ஜூனில் 200 மீட்டர் பட்டர்ஃபிளையை 1:56.38 நேரத்தில் முடித்து, ஒலிம்பிக்கில் நேரடியாக இடம் தரும் 'ஏ' தகுதி நேரத்தை எட்டிய முதல் இந்திய நீச்சல் வீரரானது அங்கேதான்.

இவ்வளவையும் கேட்ட பிறகு தம்பி மகன், "அப்படீன்னா போப்போவிச்தான் நெசமான சாதனைக்காரர்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, போப்போவிச்சின் பந்தயத்தைத் தேடத் தொடங்கினான். பெரியப்பாவின் புருடை இன்னும் அட்டாலியில் இருக்கிறது. அதற்குள் இப்போது பீர்க்கன் விதை போட்டு வைத்திருக்கிறோம்.