கட்டத்துக்குள் என்ன இருக்கிறது?

கொழிஞ்சாம்பாறையில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் என் அக்கா மகன், தன் சொட்டுநீர்ப் பாசன மென்பொருளுக்குக் காப்புரிமை கேட்டு எழுதிய வரைவைப் போன வாரம் காட்டினான். ‘மண்ணின் ஈரத்தைக் கணித்து வால்வைத் திறக்கும் சாதனம்’ என்பது அவனுடைய உரிமைகோரல். படத்திலோ ‘கணிப்பான்’ என்றெழுதிய ஒரு கட்டமும், உள்ளே ஓர் அம்புக்குறியும், வெளியே ஓர் அம்புக்குறியும் மட்டுமே இருந்தன. எப்படிக் கணிக்கிறது என்று கேட்டேன். “அதெல்லாம் கோட்ல இருக்குங்க மாமா” என்றான்.

செயலை மட்டும் சொல்லி உரிமை கோருவோர், அச்செயல் நடக்கும் வழியையும் விண்ணப்பத்தோடு தரும் விவரக்குறிப்பில் வெளிப்படுத்தியே ஆக வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. இல்லையெனில், ஈரத்தைக் கணிக்கப் பிறர் கண்டுபிடிக்கும் எல்லா வழிகளும், ஒரே வழி தெரிந்தவருக்குச் சொந்தமாகிவிடும். அமெரிக்காவில், இவ்வகை உரிமைகோரலுக்குப் பொதுவான கணினியைக் காட்டினால் போதாது, அதை இயக்கும் படிமுறையையும், அதாவது அது செய்யும் கணக்கின் படிகளையும், சொல்ல வேண்டும் என 2008-இல் அரிஸ்டோகிராட் வழக்கில் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முழு நிரலையும் அச்சிட வேண்டியதில்லை, சூத்திரமோ பாய்வுப்படமோ தெளிவான உரைநடையோ போதும். நம் 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 10(4) பிரிவும், செய்முறையை முழுமையாக விவரிக்கவும், விண்ணப்பதாரர் அறிந்த மிகச் சிறந்த முறையை வெளியிடவும் கேட்கிறது. (வெறும் கணினி நிரலுக்குக் காப்புரிமை இல்லை என்னும் 3(k) பிரிவின் தடை வேறு, அதையும் அவன் தாண்டியாக வேண்டும்.)

அந்தக் கட்டத்தை அடித்துவிட்டு, எந்த ஆழத்து அளவீட்டுக்கு எவ்வளவு மதிப்பு என்று இப்போது வரிவரியாக எழுதிக்கொண்டிருக்கிறான்.