மொட்டைமாடி இல்லாத ஊரில் ஒரு துப்பாக்கிக் கட்டை

பனிக்கால பூட்ஸ் வாங்க ஒண்டாரியோவில் ஒரு வேட்டைச் சாமான் கடைக்குள் நுழையும் மதுரைக்காரருக்குத் தூக்கிவாரிப் போடும். தூண்டில் கம்புகளை ஒட்டிய அலமாரியில், விலைச்சீட்டு தொங்க நிற்கும் பழைய ராணுவத் துப்பாக்கிகளில் ஒன்று நமக்கு நன்றாகத் தெரிந்த முகம். குடியரசு தினத்தில் ஆயுதப்படை மைதானத்தில் வரிசையாகத் தோளேறி இறங்குமே, கருவூல வாசலில் மணல் மூட்டைக்குப் பின்னால் ஏட்டையா ஊன்றிக்கொண்டு நிற்பாரே, அதே பாயிண்ட் 303, லீ-என்ஃபீல்டு துப்பாக்கி. தோளில் ஊன்றும் பின்கட்டை செருகும் இரும்புக் கூட்டில் கிரீடமும், ‘இஷாப்பூர்’ என்ற எழுத்தும், வருடமும் பொறித்திருக்கும். ஹூக்ளிக் கரையில் செய்தது, கடல் தாண்டி, நமக்கு முன்னாலேயே இங்கே குடியேறிவிட்டது.

நம் ஊரில் இதைத் தொட நினைக்கவே முடியாது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி 303 தடை செய்யப்பட்ட ரகம். கனடாவில் பாதுகாப்புப் பயிற்சி வகுப்பை முடித்து, தேர்வு எழுதி, உரிமம் வாங்கிய ஒருவர் இதை வீட்டில் வைத்துக்கொள்ளலாம். தோட்டா இல்லாமல், பூட்டிட்டு வைக்க வேண்டும். அந்த உரிமம் கையில் வந்தபின் படிக்க வேண்டியவை இனி வருபவை. இங்கே பேச்சு முழுக்க மரத்தைப் பற்றியது, சுடுவதைப் பற்றி அல்ல.

முதலில் அந்த மரத்தின் கோலத்தைப் பார்த்தால் மனசு கேட்காது. எழுபது, எண்பது வருடத்து எண்ணெயும் அழுக்கும் ஏறிக் கறுத்திருக்கும். ஊரில் ஆசாரியிடம் காட்டினால் கையால் தடவிப் பார்த்துவிட்டு, “இழைச்சு, உப்புத்தாள் போட்டு, வார்னிஷ் அடிச்சா புதுசாயிரும்ணே” என்பார். கல்யாண வீட்டுக் கட்டிலுக்கு அது சரி. இதற்கு அதைப்போல் கேடு வேறில்லை. இங்கே வரும் நம்மவர்கள் செய்யும் முதல் தவறும் அதுதான், திரும்பப் பெற முடியாத தவறும் அதுதான்.

காரணம் இரண்டு. கட்டையின் பக்கவாட்டிலும் அடியிலும் ஆய்வாளர் முத்திரைகள், பழுது பார்த்த குறிகள் எல்லாம் அரை மில்லிமீட்டர் ஆழம்கூட இல்லாமல் பதிந்திருக்கும். பின்கட்டையில் எஸ், எல், பி என்று ஓர் எழுத்து இருந்தால் அது நீளக் குறி: முறையே குட்டை, நெட்டை, குட்டையிலும் குட்டை. நடுவில் உள்ள சாதாரண அளவையும் சேர்த்தால், ஓர் அளவுக்கும் அடுத்ததற்கும் அரை அங்குல வித்தியாசம். ஆளின் கை நீளத்துக்கு ஏற்பக் கட்டையை மாற்றிக் கொடுத்த ராணுவம் அது. உப்புத்தாள் பட்டால் இந்த ஜாதகமே அழிந்துபோகும். இரண்டாவது, தொழிற்சாலையில் மரத்தை இரும்பின் விளிம்பைவிட ஒரு மயிரிழை மேலே நிற்கும்படி விட்டிருப்பார்கள். தேய்த்தால் மரம் இரும்புக்குக் கீழே இறங்கிவிடும். பித்தளைத் தகட்டின் ஓரம் துருத்திக்கொண்டு, எல்லாம் இரவல் உடுப்பு மாதிரி தெரியும்.

கழற்றும் வரிசையிலும் ஒரு கண்ணி இருக்கிறது. தோட்டாப் பெட்டியையும், தோட்டாவைக் குழலுக்குள் தள்ளும் போல்ட்டையும் வெளியே எடுத்து, குழல் காலி என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். பிறகு குழல் நுனியிலுள்ள மூக்குக் கவசம், வளையங்கள், குழலின் மேல்மூடிகள், விசைக் காப்பு, கடைசியாகக் குழலுக்கு அடியில் ஓடும் முன்கட்டை. மூக்குக் கவசத்துக்குக் கொஞ்சம் பின்னால் குழலை மேலே தள்ளும் ஒரு சின்ன முளையும் சுருள்வில்லும் உண்டு. கட்டையைக் கவிழ்த்ததும் அது தெறித்து உருண்டு ஓடும். கீழே வெள்ளை வேட்டி விரித்துக்கொண்டு உட்காருங்கள்.

இந்தத் துப்பாக்கிக்கு ராணுவம் வைத்த பெயர் நம்பர் 1. இந்தப் பழைய ரகத்தில் முன்கட்டையைக் கழற்றுவதற்கு முன்னால் பின்கட்டையைத் திருகக் கூடாது. பின்கட்டையை இறுக்கிப் பிடிக்க அதற்குள் ஓடும் நீண்ட திருகு போல்ட்டின் நுனி சதுரமாக இருக்கும். அது முன்கட்டையின் பின்முனையிலுள்ள ஒரு தகட்டுக்குள் பொருந்தி நிற்கும். அவசரப்பட்டுப் பின்னாலிருந்து திருப்புளியைப் போட்டால் சதுரம் சுழன்று முன்கட்டையைப் பிளந்துவிடும். நீங்கள் வாங்கும் துப்பாக்கியில் அந்த இடத்தில் விரிசல் இருந்தால், யாரோ ஒருவர் அந்த அவசரத்தைக் காட்டியிருக்கலாம். போல்ட்டின் தலைக்கு மேலே ஒரு தோல் அடைப்பு இருக்கும். அதைக் கொக்கியால் இழுத்து எடுத்த பிறகே திருப்புளி போல்ட்டைப் பிடிக்கும். குறைந்தது ஓர் அடி நீளத் திருப்புளி வேண்டும்.

பின்கட்டைப் பித்தளைத் தகட்டில் ஒரு சின்னக் கதவு உண்டு. உள்ளே எண்ணெய்க் குப்பியும் குழல் துடைக்கும் கயிறும் வைக்கும் இடம். பித்தளையைப் பார்த்ததும் நமக்குக் கை புளியைத் தேடும். குத்துவிளக்குக்குப் போடுகிற அந்தப் புளி இதற்கு வேண்டாம். புளிப்பு ஓரத்தில் தங்கி இரும்புத் திருகுகளைத் துருப்பிடிக்க வைக்கும், வருடக்கணக்கில் ஏறிய நிறமும் போய்விடும். துணியால் துடைத்தால் போதும்.

இனி அழுக்கு எடுப்பது. டர்பன்டைனில் நனைத்த துணியால் மரத்தின் ரேகைப் போக்கிலேயே துடைக்க வேண்டும். துணி கறுப்பாக வருவது நிற்கும்வரை மாற்றி மாற்றித் துடையுங்கள். துணிக்கு ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய வேட்டிதான் உசத்தி: பிசிறு விடாது. சுங்குடிச் சேலைக் கிழிசல் வேண்டாம், டர்பன்டைன் பட்டால் சாயம் மரத்தில் இறங்கலாம். அடுப்புக் கரி எடுக்கும் காரக் கரைசல்கள் பக்கமே போகாதீர்கள். மேலே வெளுத்து, நார்கள் பஞ்சாகி, அந்த மரம் பிறகு நிறமே பிடிக்காது.

மேலோட்ட அழுக்கு போனபின்னும் பிடிப்பகுதியில் இரும்பிலிருந்து ஊறிய எண்ணெய் ஆழமாக இருக்கும். அதற்குச் சாக் பவுடர். பட்டி பார்க்க ஆளி எண்ணெயில் குழைப்பார்களே, அதே பொடி. அதை டர்பன்டைனில் குழைத்து கறுத்த இடங்களில் அப்பி, வெயிலில் வையுங்கள். சூட்டில் எண்ணெய் மேலே வரும், பொடி உறிஞ்சும், காய்ந்ததும் தட்டிவிட்டு மறுபடி அப்பலாம். மூன்று நான்கு முறை தேவைப்படும்.

வெயிலில் வையுங்கள் என்று எழுதும்போதே கை நின்றுவிடுகிறது. சித்திரை மாத மதுரையில் மொட்டைமாடியில் கூழ்வற்றல் துணிக்குப் பக்கத்தில் இதை வைத்தால் ஒரே பகலில் எண்ணெய் கக்கிவிடும். காக்கைக்குப் பயந்து கறுப்புக் குடையை விரித்துவைத்து, கீழிருந்து அம்மா “வத்தல திருப்பிப் போட்டியா?” என்று கேட்க, காலடியில் தரை சுட, தாவித் தாவி நடக்கிற மாடி. இங்கே மாடி என்பதே சரிந்த கூரை. ஜூலை வரை பொறுத்து, கட்டையைக் கறுப்புப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, நிறுத்திய காரின் கண்ணாடிக்குள் வைப்பதுதான் வழி. உச்சி வெயிலில் காருக்குள் சூடு போதுமான அளவு ஏறும். அதிகமானால் மரம் வெடிக்கும், ஆகவே மணிக்கு ஒருமுறை திருப்ப வேண்டும். வற்றல் திருப்புகிற அதே வேலைதான்.

ஒடுக்கு எடுப்பதும் நமக்குத் தெரிந்த கணக்கே. பாத்திரத்துக்குச் சுத்தியல், மரத்துக்கு ஆவி. நசுங்கிய இடத்தில் ஈரத்துணியை மடித்து வைத்து, இஸ்திரிப் பெட்டியின் நுனியைச் சில நொடிகள் அழுத்துங்கள். நார் அமுங்கித்தான் இருக்கிறதென்றால் ஈரம் குடித்து எழும்பிவிடும். அறுந்திருந்தால் எழாது, அதை விட்டுவிட வேண்டும். முத்திரைக்குப் பக்கத்தில் ஆவி காட்டாதீர்கள், அதுவும் ஓர் ஒடுக்குதான், எழும்பி மறைந்துவிடும்.

முன்கட்டையின் உட்புறப் பின்முனையில் இரண்டு சிறு மரத்தோள்கள் இருக்கும். சுடும்போது வரும் பின்னுதைப்பைத் தாங்குபவை அவைதாம். அவை தேய்ந்தால் கட்டை பின்னால் நகர்ந்து இரும்புக் கூட்டில் இடித்துப் பிளக்கும். புதுத்தோள் வைக்கக் கடின மரத்துண்டைச் செதுக்கி எபோக்சிப் பசையால் ஒட்டலாம். ஒட்டும் இடத்தை முதலில் அசிட்டோனால் எண்ணெய் போகத் துடைத்தாக வேண்டும். எண்ணெய் மரத்தில் எபோக்சி பிடிக்காது, பத்துத் தடவை சுட்டதும் கழன்று வரும். இதில் கை பழகாதவர்கள் தெரிந்தவரிடம் கொடுப்பதே நல்லது. விசைக் காப்பின் முன்திருகு நுழையும் சின்னக் குழாய்ப் புஷ் காணாமல் போயிருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாமல் இறுக்கினால் திருகு மரத்தை நசுக்கும்.

கடைசியில் எண்ணெய். அந்தக் காலத்து ராணுவ வழக்கம் பச்சை ஆளி விதை எண்ணெய். காய வாரக்கணக்காகும். கடையில் ‘காய்ச்சியது’ என்று விற்பது உண்மையில் காய்ச்சியதல்ல, சீக்கிரம் உலர உலோக உப்புகள் சேர்த்தது. ஒரு நாளில் காயும். முதல் பூச்சுக்குப் பாதி எண்ணெய், பாதி டர்பன்டைன் கலந்தால் உள்ளே இறங்கும். கையாலேயே சூடு பறக்கத் தேய்த்து, கால் மணி நேரம் விட்டு, மேலே நிற்பதை முழுக்கத் துடைத்துவிடுங்கள். ஒரு நாள் இடைவெளியில் நான்கு, ஐந்து பூச்சு. தாராளமாக ஊற்றி அப்படியே விட்டால் மேலே பிசின் படியும், வாரக்கணக்கில் விரல் ஒட்டும். குழல் படுக்கும் வாய்க்காலுக்கும், மரத்தின் வெட்டுமுகங்களுக்கும் மறக்காமல் பூசுங்கள். ஈரம் ஏறுவதும் இறங்குவதும் அவ்வழியே. இங்கே குளிர்காலத்தில் சூடாக்கியின் காற்று வீட்டு ஈரத்தை உறிஞ்சிவிடும். அதன் வாய்க்குப் பக்கத்தில் கட்டையைச் சாய்த்தால் நீளவாக்கில் வெடிப்பு விழும்.

ஒன்றை உரக்கச் சொல்ல வேண்டும். எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள். ஆளி எண்ணெய் காயும்போது தானே சூடாகும். குவிந்த துணிக்குள் அந்தச் சூடு தங்கி, யாரும் பற்றவைக்காமலே தீப்பிடிக்கும். ஊரில் ஆசாரி கந்தலைச் செங்கல் சுவரோரம் எறிந்துவிட்டுப் போவார், தரை கல், சுவர் கல். இங்கே வீட்டின் எலும்பே மரம், வேலை நடப்பது பெரும்பாலும் நிலவறையில். துணியைத் தண்ணீர் நிறைத்த தகர டப்பாவில் அமுக்கி மூடுங்கள், அல்லது வெளியே ஒற்றை மடிப்பாக விரித்துக் காய விடுங்கள்.

பூட்டும்போது பின்கட்டை முதலில். போல்ட்டை இறுக்கி, அதன் சதுர நுனி தகட்டில் நேராக உட்காரும் நிலைக்குக் கொண்டுவந்து, பிறகு முன்கட்டையைக் கீழிருந்து ஏற்றுங்கள். சுருள்வில்லும் முளையும் இடத்தில் இருக்கின்றனவா என்று ஒருமுறை பாருங்கள். பிறகு விசைப்பூட்டு, பெட்டிப்பூட்டு. இரண்டு நாள் கழித்தும் நிலவறையில் ஆளி எண்ணெய் வாசம் நிற்கும். தச்சுப் பட்டறையில், புது நிலைவாசல் சார்த்தி வைத்த மதியத்தில், வெல்லப் பாகு மாதிரி மூக்கில் ஒட்டுகிற அதே வாசம்.